எண்ணெயில் ஊறியும் இளகாத தோல்

1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாதத்தில் காய்த்துப்போன தோலின் சிறு துண்டுகளை எடுத்து நன்றாகக் காயவைத்தார். அவை விறைத்துப்போயின; வளைத்தால் ஒடிந்தன. அந்தத் துண்டுகளை எண்ணெயில் போட்டுவைத்தார். நெடுநேரம் ஊறியும் அவை இளகவில்லை. தண்ணீரில் போட்டபோதோ மெத்தென்று வளைந்து கொடுத்தன. தோல் மென்மையாக இருக்க எண்ணெய்ப்பசைதான் காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. தோலின் மேலடுக்கை இளக்குவது நீர் என்று அவருடைய சோதனை காட்டியது. அந்த அடுக்கின் நீர்ச்சத்து ஏறக்குறைய 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது விறைத்து வெடிக்கத் தொடங்குகிறது.

அப்படியானால் குளிர்காலம் முழுக்க எண்ணெயும் வாசலினும் தடவுகிறோமே, எல்லாம் வீணா? இல்லை. ஆனால் அவை நாம் நினைக்கிற மாதிரி வேலை செய்வதில்லை. அவற்றின் வேலை என்ன என்று தெரிந்துவிட்டால், எதை எப்போது தடவுவது, எதைத் தோலில் படவே விடக்கூடாது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்து உடலின் பெரும்பகுதியில் இந்த மேலடுக்கின் தடிமன் 0.02 மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் 15 முதல் 20 வரிசை செல்கள் தட்டையாகப் படிந்திருக்கின்றன. எல்லாம் இறந்த செல்கள். உள்ளே கெரட்டின் என்ற புரதம் நிறைந்திருக்கும். செல்களுக்கு இடையே கொழுப்புப் பொருள்கள் படலம் படலமாக அடுக்கப்பட்டிருக்கும். தோல் ஆய்வாளர் பீட்டர் எலியஸ் இந்த அமைப்பைச் செங்கல் சுவரோடு ஒப்பிட்டார்: செல்கள் செங்கல், கொழுப்பு சாந்து. தோலியல் பாடங்களில் இன்றும் அந்த ஒப்புமையைத்தான் சொல்கிறார்கள். சாந்தின் எடையில் பாதி அளவு செராமைடு என்ற கொழுப்பு வகை, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். இந்த மூன்றும் சரியான அளவில் கலந்திருந்தால்தான் சுவர் ஒழுகாது.

முழு ஆரோக்கியமான தோலிலும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். வியர்வையைக் கணக்கில் சேர்க்காமலேயே ஒரு நாளில் கால் லிட்டருக்கு மேல் நீர் தோல் வழியாக ஆவியாகப் போகிறது. கீழ் அடுக்குகளிலிருந்து நீர் மெதுவாக மேலே கசிந்து வரும் வழியில்தான் மேலடுக்கு தன் பங்கைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிடித்துவைக்க அதற்கென்று பொருள்கள் உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் செல்லுக்குள் உடைந்து அமினோ அமிலங்களாகவும் வேறு சிறு மூலக்கூறுகளாகவும் மாறுகிறது. அவற்றோடு யூரியாவும் லாக்டேட்டும் சேர்ந்து நீரை இழுத்துப் பிடிக்கின்றன. சிலருக்கு இந்த ஃபிலாக்ரின் பிறவியிலேயே குறைவு. அதற்கான மரபணுப் பிழைகளை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தப் பிழைகளில் ஏதாவது ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குத் தோல் எளிதில் வறளும். எக்சிமா என்ற அரிப்பும் அழற்சியும் கொண்ட தோல் நோய் வரும் வாய்ப்பும் அதிகம். எனவே ஒரே வீட்டில், ஒரே சோப்பைப் பயன்படுத்தும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கால் முழுக்க வெள்ளை பூத்தால், பராமரிப்பில் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

சரி, குளிர் இதில் என்ன செய்கிறது? குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 5 கிராம் அளவுக்குத்தான் நீராவி இருக்க முடியும். 22 டிகிரியில் 19 கிராமுக்கு மேல் இருக்கலாம். வெளியே 0 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வானிலை அறிக்கை சொன்னால் அது ஈரமான நாளாகத் தோன்றும். உண்மையில் ஒரு கன மீட்டரில் 4 கிராம்கூட நீராவி இல்லை. அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 22 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 20 சதவீதமாக விழுந்துவிடுகிறது. தோலைக் காயவைப்பதில் வெளியே வீசும் வாடைக்கு நிகராக இந்தச் சூடான அறைக்கும் பங்கு உண்டு. இரவு முழுக்க ஹீட்டர் ஓடும் அறையில் தூங்கி எழுந்தால் முகம் இழுத்துப் பிடிக்கிறதே, காரணம் இதுதான். போதாததற்கு, குளிர்காலத்தில் மேலடுக்கில் உள்ள செராமைடும் மற்ற கொழுப்புகளும் குறைந்துவிடுகின்றன. வயது ஏறினாலும் அவை குறையும். முதியவர்களின் முழங்காலுக்குக் கீழே, அதுவும் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாக இருக்கும் முன்பகுதியில், முதலில் வெடிப்பு தெரிவது இதனால்தான்.

இனி வருவது எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். மேலடுக்கின் செல்கள் தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அடுக்கு முழுக்கப் புதிதாகிவிடும். செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதக் கொக்கிகளை நொதிகள் அறுத்துவிடுவதால்தான் அவை உதிர்கின்றன. ஒவ்வொன்றாக உதிர்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்த நொதிகள் இயங்க நீர் வேண்டும். நீர் வற்றினால் நொதி முடங்கும், கொக்கி அறுபடாது. உதிர வேண்டிய செல்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, கடைசியில் செதில் செதிலாகப் பிய்ந்து வரும். நாம் பார்க்கும் வெள்ளைச் செதில் அதுதான். பிய்ந்த இடத்தில் விரிசல் விடும், அதன் வழியாக இன்னும் நீர் போகும், நொதிகள் இன்னும் முடங்கும். ஃபிலாக்ரினை உடைக்கும் நொதிகளும் ஈரத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஆக, வறண்ட தோலில் நீர் குறைந்திருக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் வேலையே அங்கு நின்றுபோயிருக்கிறது. செதிலை நார் வைத்துத் தேய்த்து எடுப்பதால் அந்த நேரத்துக்குத் தோல் வழவழப்பாகத் தெரியலாம். ஆனால் தேய்ப்பில் விரிசல் பெரிதாகிறது.

எரிச்சலும் அரிப்பும் இதன் தொடர்ச்சி. சுவரில் விரிசல் விட்டதும் அதன் அடியில் இருக்கும் உயிருள்ள செல்கள் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. சோப்பு, வாசனைப் பொருள், ஏன் வியர்வை உப்புகூட, முன்பு நுழைய முடியாத ஆழத்துக்குப் போய் நரம்பு நுனிகளைத் தொடுகிறது. நேற்று வரை ஒத்துப்போன க்ரீம் இன்று சுரீரென்று எரிந்தால், க்ரீம் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. பெரும்பாலும் தோலின் காவல்தான் தளர்ந்திருக்கும். சொறிந்தால் சுவர் இன்னும் பெயரும், அரிப்பும் கூடும்.

பராமரிப்பு என்றதும் நாம் எதைத் தடவலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறோம். எதை நிறுத்தலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். விலை உயர்ந்த க்ரீம் வாங்குவதற்கு முன் குளியலை மாற்ற வேண்டும். குளிரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு நெடுநேரம் நிற்பது சுகம்தான். ஆனால் வெந்நீரில் கொழுப்புப் படலம் இளகி, சோப்போடு எளிதில் கழுவிப்போகும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களும் நீரில் கரையக்கூடியவை. நெடுநேரம் ஊறினால் அவையும் போய்விடும். வெதுவெதுப்பான நீர், ஐந்து பத்து நிமிடம், அது போதும்.

சோப்பின் கதை இன்னும் ஆழமானது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஹெச் அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஐந்தை ஒட்டி இருக்கும். வழக்கமான சோப்பின் பிஹெச் 9 முதல் 10. செராமைடை உருவாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். சோப்பு போட்டுக் கழுவிய பிறகு தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரமாகலாம். அதற்குள் மறுபடியும் கழுவினால்? சாந்து உள்ளதும் போகிறது, புதிதாகச் செய்வதும் தடைபடுகிறது. அடிக்கடி கை கழுவ வேண்டிய செவிலியர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் கை வெடிப்பது இப்படித்தான். வறண்ட தோலுக்கு சோப்பு அல்லாத, நறுமணம் சேர்க்காத, மென்மையான க்ளென்சர் நல்லது. உடல் முழுக்க நுரை தேவையில்லை. அக்குள், அந்தரங்கப் பகுதி, பாதம், அழுக்குப் பட்ட இடம் என்று நிறுத்திக்கொண்டால் கை கால்கள் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது தடவும் பொருள்களுக்கு வருவோம். கிளிசரின், யூரியா போன்றவை நீரை ஈர்த்துப் பிடிப்பவை. கிளிசரின் மலிவானது என்பதால் அதைக் குறைத்து எடைபோட வேண்டாம். தோல் செல்களில் நீரும் கிளிசராலும் (கிளிசரினின் வேதிப்பெயர்) புகுந்துசெல்ல அக்வாபோரின்-3 என்ற வாயில் உண்டு. அந்த வாயில் இல்லாத எலிகளின் தோல் வறண்டிருந்தது. கிளிசரால் கொடுத்ததும் தேறியது. நீர் வாயில்கள் என்ற வகையையே கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. யூரியா 5 முதல் 10 சதவீதம் உள்ள க்ரீம் ஈரம் காக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைக்கும், ஆகவே காய்த்த குதிகாலுக்கு ஏற்றது. வெடித்த இடத்தில் யூரியா எரியும். முகத்துக்கும் குழந்தைகளுக்கும் யோசிக்காமல் போடக்கூடாது.

வாசலின் வேறு வகை. அதில் நீர் இல்லை, நீரை ஈர்ப்பதும் இல்லை. தடவிய இடத்தில் நீர் ஆவியாவதைத் தடுப்பதே அதன் வேலை; அந்த வேலையை வாசலினைவிடச் சிறப்பாகச் செய்யும் பொருள் மிகக் குறைவு. மேலே படிந்து கிடப்பதோடு அது நிற்பதில்லை, மேலடுக்கின் செல்களுக்கு நடுவிலும் இறங்குகிறது. அடியில் தோல் தன்னைச் சீர்செய்துகொள்வதை அது தடுப்பதில்லை. பிளாங்கின் சோதனையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். காய்ந்த தோலில் வாசலினை மட்டும் பூசினால் கீழிருந்து நீர் மெல்ல ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூசினால் இருக்கும் நீர் உள்ளேயே அடைபடும். நேரம் தப்பினால் அதே வாசலின் அவ்வளவு பலன் தராது. முதலில் கிளிசரின் உள்ள க்ரீம், அப்புறம் அதன்மேல் மெல்லிய வாசலின் என்பது வறண்ட கைகால்களுக்கு நல்ல வழி. முகப்பரு வரும் முகத்தில் இவ்வளவு கனம் வேண்டாம். செராமைடு க்ரீம்கள் சாந்தையே ஈடுகட்டப் பார்க்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்த கலவை நல்லது. நீர்த்த லோஷனைவிடக் கெட்டியான க்ரீம், அதைவிடக் களிம்பு என்பது குளிர்காலத்துக்கான பொது விதி.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீரும் குடித்தன. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் உடலுக்கு இன்றியமையாதது என்பது அந்த ஆய்வுகளின் வழியே தெளிவானது. தோலின் முக்கியமான சில செராமைடுகளில் அது ஓர் உறுப்பு. அது நிறைந்த சூரியகாந்தி எண்ணெய் தோலின் தடுப்பைக் கெடுப்பதில்லை. ஒலேயிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெயோ கொழுப்புப் படலங்களின் ஒழுங்கைக் குலைக்கும் என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. வறண்ட தோல் உள்ளவர்கள், முக்கியமாகக் குழந்தைக்கு மசாஜ் செய்பவர்கள், இதை மனதில் வைக்க வேண்டும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் பளபளக்கும் என்பார்கள். உடலில் நீர் குறைந்திருந்தால் குடிக்கத்தான் வேண்டும். போதிய அளவு குடிப்பவர் மேலும் இரண்டு லிட்டர் குடிப்பதால் வெடித்த கால் ஆறிவிடாது. குறை நீர் வரத்தில் இல்லை, காப்பில் இருக்கிறது.

உதட்டின் மேலடுக்கு மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே சொற்பம். நாக்கால் ஈரப்படுத்தினால் எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரமும் போகும், எச்சிலின் நொதிகள் புண்ணாக்கும். வாசலின் போதும், புதினா, கற்பூரம் கலந்த தைலங்கள் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் வெடித்த உதட்டை உறுத்தும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே இல்லை என்பதால் ஒவ்வொரு முறை கழுவியதும் க்ரீம், தூங்கும்முன் களிம்பு போட்டு மேலே பருத்திக் கையுறை.

கம்பளி உடுத்தினால் அரிப்பது ஒவ்வாமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 30 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்த இழைகளின் முனைகள் தோலைக் குத்துகின்றன. உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டால் தீரும். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். ஈரமூட்டும் கருவி வைத்திருந்தால் அதன் தொட்டியைத் தவறாமல் கழுவ வேண்டும். பனி படர்ந்த இடத்தில் சன்ஸ்கிரீன் அவசியம். புதிய பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். களிம்பு ஊறிய துணி சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பிடிக்கும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணப்பு, மெழுகுவத்தி, சிகரெட் அருகே அப்படிப்பட்ட உடையோடும் போர்வையோடும் உட்காரக்கூடாது.

க்ரீமைத் தேர்ந்தெடுக்கும்போது வாசனைப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்று தெளிவாக எழுதியிருப்பதை எடுங்கள். வாசனை தெரியவில்லை என்பதாலேயே அதில் நறுமணப் பொருள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூலப்பொருளின் வாடையை மறைக்கவும் அதைச் சேர்ப்பதுண்டு. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தி பலருக்கு ஒவ்வாமை தருவது. பட்டியலில் அதையும் பாருங்கள். புதிய க்ரீமை முழங்கையின் உள்மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். ரெட்டினால், பழ அமிலம் சேர்ந்தவற்றை எரிச்சல் அடங்கும்வரை தள்ளிவைக்கலாம்.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் தேறவில்லை என்றாலோ, வெடிப்பில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோலில் எதுவும் தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தால் தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்வார்கள். நீரிழிவு உள்ளவர்கள் குதிகால் வெடிப்பை ஒரு நாளும் சாதாரணமாக விடக்கூடாது. உணர்வு மங்கிய காலில் வலி தெரியாமலே அது புண்ணாகிவிடும் என்பதால் தினமும் இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, விரலிடுக்கை விட்டு மற்ற இடங்களில் க்ரீம் தடவிக்கொள்ள வேண்டும்.