பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போட்ட மரம்

பழைய நிரல்கள் பல ஓடாமல் போகும் என்று தெரிந்தேதான் 2008 டிசம்பரில் பைத்தான் என்ற நிரல்மொழியின் புதிய பதிப்பான பைத்தான் 3 வெளியிடப்பட்டது. அதுவரை, திரையில் ஒன்றைக் காட்ட, பிரிண்ட் "வணக்கம்" என்று எழுதினால் போதும். இனி பிரிண்ட்("வணக்கம்") என்று அடைப்புக்குறி வேண்டும். அற்ப மாற்றம்தானே, தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று தோன்றும்.

முடியாது. அதே எழுத்துகள் மேற்கோள்குறிக்குள் வெறும் உரையாகக் கிடக்கலாம். பிரிண்டர் என்ற மாறியின் (மதிப்பு ஒன்றைச் சுமக்கும் பெயரின்) எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கலாம். இதைவிடப் பொல்லாதது பிரிண்ட் (2+3)*4 என்ற வரி. அடைப்புக்குறி ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிட்டால் கெட்டது கதை. பழைய பைத்தான் 20 என்று அச்சிட்ட அதே வரியில், புதியது 5 என்று அச்சிட்டுவிட்டு, எதையும் திருப்பித் தராத பிரிண்ட்டை நான்கால் பெருக்கப் போய்ப் பிழை காட்டி நின்றுவிடும்.

எங்கே பிரிப்பது என்பதுதான் சிக்கல். நம் இலக்கண உரைகளில் வரும் 'செம்பொன்பதின்தொடி'யைச் செம்பொன் பதின் தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி தங்கம் (தொடி என்பது ஓர் எடை அளவு). செம்பு ஒன்பதின் தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. கணினிக்கும் எழுத்து வரிசை மட்டும் போதாது. முதலில் நிரலைச் சொற்களாக வெட்டும். பிறகு மொழியின் இலக்கணப்படி அவற்றை ஒரு மரமாக அடுக்கும். 2+3*4 என்பதில் கூட்டல் உச்சியில் நிற்கும். அதன் ஒரு கிளையில் 2, மறு கிளையில் பெருக்கல். (2+3)*4 என்றால் பெருக்கல் உச்சிக்கு ஏறிவிடும். அப்போது அடைப்புக்குறி தேவையே இல்லை. அதன் வேலையை மரத்தின் வடிவமே செய்துவிடுகிறது.

மரம் கைக்கு வந்தபின் மாற்றுவது எளிது. பழைய பிரிண்ட் இருக்கும் கணுவை, அதாவது கிளை பிரியும் இடத்தை, கண்டுபிடித்து, அதன் பிள்ளைகளைப் புதிய கணுவொன்றின் கீழ் தொங்கவிட வேண்டியதுதான்.

மரத்தை மறுபடி எழுத்தாக்கும்போதுதான் வம்பு. பைத்தான் 3.9 முதல் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. என் நிரலொன்றை அதில் போட்டு எடுத்தேன். ஓடத்தான் செய்தது, ஆனால் படிக்கும் மனிதருக்காக நான் இடையிடையே எழுதி வைத்த குறிப்புரைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிரலை ஓட்டுவதற்கான மரத்துக்குக் குறிப்புரையும் வெற்று வரியும் குப்பை. மனிதருக்கோ, 'இந்த வரியைத் தொடாதே' என்ற குறிப்புதான் சில நேரம் கோப்பிலேயே முக்கியமானது.

பழைய நிரலைப் புதியதாக்க பைத்தானுடன் வந்த டூ டு த்ரீ என்ற கருவி அதனால் வேறொரு மரத்தை வளர்த்தது. அதில் காற்புள்ளியும் அடைப்புக்குறியும்கூடத் தனித்தனி இலைகள். ஒவ்வோர் இலையும் தனக்கு முன்னிருந்த இடைவெளியையும் குறிப்புரையையும் முதுகில் சுமந்திருக்கும். எதையும் மாற்றாமல் இலைகளை வரிசையாகக் கோத்தால், எழுத்துப் பிசகாமல் மூலக் கோப்பே திரும்பி வரும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

அந்த மரத்துக்கும் தெரியாத ஒன்று உண்டு. முழு எண்களை வகுத்தால் பழைய பைத்தானில் 7/2 என்பது 3, புதியதில் 3.5. 'மொத்தம் / எண்ணிக்கை' என்று எழுதியிருந்தால், இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு வகுத்தல் குறி இருப்பது மட்டுமே மரத்துக்குத் தெரியும். அந்தப் பெயர்களுக்குள் முழு எண் இருக்குமா, தசம எண் இருக்குமா என்பது நிரல் ஓடும்போதுதான் வெளிப்படும். டூ டு த்ரீ அந்த வரிகளைத் தொடவே இல்லை. நிரல் எழுதியவர்தான் உட்கார்ந்து ஒவ்வொரு வகுத்தலாகப் பார்க்க வேண்டியிருந்தது.