மகனுக்கோ மகளுக்கோ விளம்பர ஒப்பந்தம் வந்தால்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் பணம்

கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க, அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ 2021 ஜூலை 1 முதல் அனுமதிக்கிறது. இதைத்தான் ‘என்ஐஎல்’ (பெயர், படம், சாயல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்கிறார்கள். காலணி நிறுவனம், உள்ளூர் உணவகம் போன்றவை தரும் விளம்பரப் பணம் ஒரு வகை. அணிக்கு நன்கொடை தரும் செல்வந்தர்களான ‘பூஸ்டர்’கள் கூடி நடத்தும் ‘கலெக்டிவ்’ தருவது இன்னொரு வகை. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே தங்கள் விளையாட்டு வருவாயில் வீரர்களுக்குப் பங்கு தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. டென்னிஸ், நீச்சல் பிள்ளைகளின் பெற்றோர் அந்தத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

பூஸ்டர் பணத்தில்தான் அதிகக் கவனம் தேவை. வாய்ச்சொல்லை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜேடன் ரஷாடா என்ற வீரருக்கு 2022இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆதரவாளர்கள் பக்கமிருந்து 1.385 கோடி டாலர் ஒப்பந்தம் வந்து, சில வாரங்களிலேயே ரத்தானது. 2024இல் அது வழக்காயிற்று. எழுத்தில் இருந்தும் இந்தக் கதி.

இப்போது 600 டாலரும் அதற்கு மேலும் வரும் வெளி ஒப்பந்தங்களை ஐந்து வேலை நாட்களுக்குள், டெலாய்ட் நிறுவனம் நடத்தும் ‘என்ஐஎல் கோ’ தளத்தில் பதிய வேண்டும். பூஸ்டரோ கலெக்டிவோ தருவதென்றால், அதற்கு உண்மையான வணிக நோக்கம் உண்டா, தொகை சந்தை மதிப்புக்கு ஒத்து வருகிறதா என்று பார்ப்பார்கள். எத்தனை சமூக ஊடகப் பதிவு, எத்தனை நிகழ்ச்சி, எந்தத் தேதியில் பணம் என்று எதுவுமே இல்லாமல் “அணியில் இருப்பதற்காக” என்ற தொனியில் எழுதிய ஒப்பந்தம் இங்கேதான் மாட்டும். அனுமதி கிடைக்காத பணத்தை வாங்கினால் விளையாடும் தகுதிக்கே ஆபத்து.

ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற வரியை முதலில் தேடுங்கள். கல்லூரி ஆட்டம் முடிந்த பிறகும் நீளும் உரிமை எதையும் கொடுக்கக் கூடாது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, தொழில்முறைக் கால்பந்தில் 25 ஆண்டுகளுக்கு வரும் சம்பளத்தில், வரிக்கு முந்தைய தொகையில், 15 சதவீதம் தருவதாகக் கையெழுத்திட்டார். மறு ஆண்டே நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. கல்லூரி மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, அணியின் காலணி ஸ்பான்சரோடு மோதுகிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது வரி. இந்தப் பணம் சம்பளம் அல்ல, சுயதொழில் வருமானம்; யாரும் வரி பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். 20,000 டாலர் வந்து 2,000 செலவானால், மிச்சம் 18,000க்கு சுயதொழில் வரி மட்டும் சுமார் 2,540 டாலர். வேறு வருமானம் இல்லாத மாணவருக்கு மத்திய வருமான வரி மிகக் குறைவாகவே வரும் என்பதால், இந்த வரியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. விளம்பரத்துக்குக் கைம்மாறாக வரும் காலணி, கார் உபயோகம் ஆகியவற்றின் மதிப்பும் வருமானமே. தேவை அடிப்படையில் கல்வி உதவி பெறும் மாணவருக்கு, பிந்தைய ஆண்டுகளில் அது குறையவும் கூடும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போன பிள்ளைகளுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. என்சிஏஏ தரும் அனுமதி குடிவரவுச் சட்டத்தை மாற்றாது. அமெரிக்காவில் இருந்துகொண்டு பணத்துக்காக ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு போடுவதும் அனுமதியற்ற வேலையாகக் கருதப்படலாம். விசா நிலை பறிபோனால் உதவித்தொகை கையில் இருந்தும் பயனில்லை. கென்டக்கி கூடைப்பந்து வீரர் ஆஸ்கார் ஷிப்வே, காங்கோவிலிருந்து வந்தவர், 2022 ஆகஸ்டில் அணியோடு அமெரிக்காவுக்கு வெளியே பஹாமாஸ் போனபோது அங்கேதான் தன் விளம்பர வேலைகளைச் செய்தார். பல்கலைக்கழகம் தரும் வருவாய்ப் பங்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு அந்தக் கடிதத்தோடு ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். விளையாட்டுத் துறைப் பயிற்சியாளர் “பரவாயில்லை” என்று சொல்வது இதற்குப் போதாது.