புதிய வீடுகளில் ஸ்பிரிங்க்ளர்: கட்டாயமாக்கலாமா?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2009 பதிப்பு, புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு தனிவீட்டிலும் ஸ்பிரிங்க்ளர் எனப்படும் தானியங்கி நீர்த்தெளிப்பான் இருக்க வேண்டும் என்றது. கலிபோர்னியா 2011 ஜனவரியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களோ, நகராட்சிகள் இதைப் புதிதாகக் கட்டாயமாக்க முடியாதபடி சட்டமே இயற்றின. கட்டாயமாக்கலாம், கூடாது என்ற இரு தரப்பு வாதங்களையும் எடைபோடுவதற்கு முன், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

புகை எழுந்தவுடன் வீடு முழுவதும் மழை கொட்டும் என்பது சினிமாக் காட்சி. ஸ்பிரிங்க்ளர் வெப்பத்துக்கு மட்டுமே வினைபுரியும். அதன் வாயை அடைத்திருக்கும் மூடியைத் தாங்கி நிற்பது, பேனா ரீஃபிள் அளவே தடிமனுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே வண்ணத் திரவமும் ஒரு சிறு காற்றுக்குமிழியும் இருக்கும். தீயின் சூடான வாயுக்கள் கூரையடியில் பரவும்போது திரவம் விரிந்து குமிழியை விழுங்குகிறது. பிறகு விரிய இடமின்றிக் கண்ணாடியை உடைக்கிறது. சிவப்புத் திரவம் என்றால் இது 68 டிகிரி செல்சியஸில் நடக்கும். ஆரஞ்சு என்றால் 57. மூடி தெறித்து விழ, குழாயில் காத்திருந்த நீர் பாய்ந்து தகட்டில் மோதிச் சிதறுகிறது. பக்கத்து அறையில் அந்த அளவு வெப்பம் ஏறாதவரை அங்குள்ள தெளிப்பான் திறக்காது. வீட்டு வகைத் தெளிப்பான் நீரைச் சுவரின் மேற்பகுதிவரை வீசுவது, கூரையடி வாயுக்களைக் குளிர்விக்கவே.

அந்த வாயு அடுக்கு ஏறத்தாழ 600 டிகிரியை எட்டினால் அறையிலுள்ள பொருள்கள் எல்லாம் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். அதன்பின் உள்ளிருப்பவர் பிழைப்பது அரிது. பழங்கால மரச் சாமான்கள் நிறைந்த அறை இந்நிலையை எட்ட அரைமணி நேரம் ஆகலாம் என்றும், செயற்கை நுரை மெத்தைகள் கொண்ட இன்றைய அறைக்கு 5 நிமிடம்கூடத் தேவையில்லை என்றும் அமெரிக்கச் சோதனைகள் காட்டின. தீயணைப்பு வண்டி வந்துசேர்வதற்குள் முடிந்துவிடக்கூடிய கணக்கு இது.

புகை எச்சரிக்கைக் கருவியே போதும் என்பது வீடு கட்டுவோரின் வாதம். விழித்தெழுந்து ஓடக்கூடியவருக்கு அது பெரும்பாலும் சரி. படுக்கையைவிட்டு எழ முடியாத முதியவருக்கு எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்? செலவையும் அவர்கள் சொல்கிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, தெளிப்பான் பாதுகாக்கும் பரப்பில் சதுர அடிக்குச் சராசரி 1.35 டாலர் என்றது. கிணற்று நீரை நம்பியிருக்கும் நாட்டுப்புற வீட்டுக்குத் தொட்டியும் பம்பும் சேர்ந்தால் கணக்கு ஏறும். குளிர்ப் பகுதிகளில் குழாய்நீர் உறையாமலும் காக்க வேண்டும். ஆனாலும் தனிவீட்டுத் தரநிலை கேட்பது பொதுவாக 10 நிமிடத்துக்கான நீர்தான். சிறு குளியலறைகளுக்கும் பரணுக்கும் விலக்கு உண்டு. உடைமையைக் காப்பதைவிட, உள்ளிருப்போர் வெளியேற அவகாசம் தருவதே அந்தத் தரநிலையின் குறிக்கோள்.

என் பார்வையில் வலுவான மறுப்பு வேறொன்று: இந்த விதி ஏற்கெனவே உள்ள கோடிக்கணக்கான பழைய வீடுகளைத் தொடுவதே இல்லை. அதற்காகப் புதிய வீடுகள் தாமாகவே பாதுகாப்பானவை என்றும் சொல்லிவிட முடியாது. அவற்றின் தளங்களைத் தாங்கும் மெல்லிய கூட்டுமர உத்தரங்கள், தீப்பட்டால் பழைய முழுமர உத்தரங்களைவிட விரைவில் இற்றுவிழுகின்றன.