டிரான்ஸ்கிரிப்ஷன்: "படியெடுத்தல்"னு சொன்னா போதுமா?

தமிழ் மீடியத்துல பன்னெண்டாவது பயாலஜி படிச்சவங்களுக்கு "படியெடுத்தல்"ங்கிற வார்த்தை ஞாபகம் இருக்கும், இங்கிலீஷ் மீடியம் ஆளுங்களுக்கு அது டிரான்ஸ்கிரிப்ஷன். டி.என்.ஏ.வுல இருக்கிற ஒரு மரபணுவைப் பார்த்து அந்தச் செய்தியை ஆர்.என்.ஏ.வா எழுதி எடுக்கிற வேலைக்குத்தான் இந்தப் பேரு. கேன்சர் பத்தி கொஞ்சம் உள்ள போய்ப் படிச்சா எங்க திரும்பினாலும் இந்த வார்த்தைதான் வந்து நிக்கும்.

மூலம் லத்தீன். டிரான்ஸ்னா அந்தப் பக்கம், ஸ்கிரிபெரேன்னா எழுதுறது. ஒரு இடத்துல இருக்கிறதை இன்னொரு இடத்துல பெயர்த்து எழுதுறது, அவ்வளவுதான். டாக்டர் கிறுக்கித் தர்ற பிரிஸ்கிரிப்ஷன்லயும் இதே எழுத்துதான் ஒளிஞ்சிருக்கு. டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் எழுத்து கிட்டத்தட்ட ஒண்ணு, நாலு எழுத்துல "டி" வர்ற இடத்துல மட்டும் "யு" வரும், அதனால இது ஒரே மொழிக்குள்ள நடக்கிற காப்பி வேலை. அந்தக் காப்பியைப் படிச்சு ரிபோசோம் புரதம் கட்டுதே, அங்கதான் மொழியே மாறுது, நாலு எழுத்து மொழி, புரதத்தோட செங்கல்லான இருபது அமினோ அமில மொழி ஆகுது, அதனால அதுக்கு டிரான்ஸ்லேஷன்னு பேரு வச்சாங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். "நகல்"னு சொல்லலாமேன்னு தோணும், பத்திர ஆபீஸ்ல இருந்து ரேஷன் கார்டு வரைக்கும் நமக்கு நகல்தான் பழக்கம். ஆனா அது அரபில இருந்து உருது வழியா வந்த சொல், அது கூடப் பரவால்ல, ஜெராக்ஸ் மாதிரி அச்சு அசலா அதே தாள் இன்னொண்ணுங்கிற அர்த்தம்தான் அதுல தூக்கலா இருக்கு. செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி முழு டி.என்.ஏ.வும் இரட்டிக்குமே, அதுக்கு வேணா நகல் பொருந்தும்.

"படி" வேற ரகம். கல்வெட்டு ஆளுங்க கிட்ட இந்தச் சொல் இன்னும் உயிரோட இருக்கு, அவங்க எடுக்கிறதுக்குப் பேரு மைப்படி. கோயில் சுவரைத் தண்ணி ஊத்தி பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, நனைச்ச தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள்ள தாள் இறங்குற வரைக்கும் பிரஷ்ஷால தட்டுத் தட்டுனு தட்டி, மேல மையை ஒத்தி எடுப்பாங்க, காய்ஞ்சதும் உரிச்சா கருப்புல வெள்ளை எழுத்து நிக்கும். கல்லு கோயில்லயே இருக்கும், சுருட்டி எடுத்த தாள் மட்டும் கல்வெட்டு ஆபீஸ் வரைக்கும் போகும். செல்லுலயும் இதே கதைதான். டி.என்.ஏ. நியூக்ளியஸை விட்டு வெளிய வராது, படி மட்டும் வெளிய போகும், வேலை முடிஞ்சதும் அந்தப் படியைக் கிழிச்சும் போட்டுடும், சிலது நிமிஷக் கணக்குல, சிலது மணிக்கணக்குல. இந்த வார்த்தையை இதுக்குப் பிடிச்சுப் போட்டவங்க யாரோ, நல்ல காது உள்ளவங்க.

படியெடுக்கிற ஆளு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்ங்கிற என்சைம். டி.பி. மாத்திரை சாப்பிட்டவங்களைக் கேட்டா சொல்லுவாங்க, சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும்னு, அது ரிஃபாம்பிசின். டி.பி. கிருமியோட பாலிமரேஸ்ல போய் அடைச்சுக்கிட்டு அதைப் படியெடுக்க விடாம பண்றதுதான் அந்த மருந்தோட வேலை. நம்ம பாலிமரேஸ் அமைப்பு வேற, அதனால நாம தப்பிக்கிறோம்.

ஆனா உண்மையான விஷயம் படி எப்படி எடுக்கிறாங்கங்கிறதுல இல்ல, யார் எடுக்கச் சொன்னா, எத்தனை எடுக்கச் சொன்னாங்கிறதுல இருக்கு. தோல் செல்லுலயும் கணையத்துலயும் இருக்கிறது ஒரே டி.என்.ஏ.தான், புரதத்துக்கான மரபணு சுமார் 20,000 இருக்கு, இன்சுலின் மரபணுவும் ரெண்டு இடத்துலயும் இருக்கு, ஆனா கணையத்தோட பீட்டா செல்லுலதான் அதை அள்ளி அள்ளிப் படியெடுக்கிறாங்க, தோல்ல அந்தப் பக்கமே சுருட்டிக் கட்டி வச்சிருக்கும். இந்த ஆன் ஆஃப் கணக்கை முதல்ல தெளிவாப் பிடிச்சவங்க பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல இருந்த ஃபிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும், 1961ல. பால் சர்க்கரை இருந்தாத்தான் ஈ. கோலை பாக்டீரியா அதை உடைக்கிற என்சைமைச் செய்யும், இல்லாதப்ப ஒரு தடுப்பான் மரபணு வாசல்ல குந்திக்கிட்டு மறிச்சிடும்னு சொன்னாங்க. 1965ல நோபல், கூட ஆந்த்ரே லுவோஃபுக்கும்.

வாசல்னு சொன்னேன்ல, அதுக்குப் பக்கத்துலயே இருக்கிற, பாலிமரேஸ் வந்து ஏறுற இடத்துக்குப் பேரு புரோமோட்டர். நம்ம ஊர்ல புரோமோட்டர்னா பிளாட் போட்டு விக்கிறவர்! "ஊக்குவிப்பான்"னு எழுதுறவங்க இருக்காங்க, எனக்கு அது சத்து டானிக் மாதிரி கேக்குது. கல்வெட்டுல "ஸ்வஸ்தி ஸ்ரீ" பார்த்ததும் இங்கதான் ஆரம்பம்னு தெரியுமே, அந்த மாதிரி அடையாளம் இது, அதனால "தொடக்கி"னு சொன்னா போதும்ங்கிறது என் கட்சி. ரெகுலேஷனுக்கு "கட்டுப்பாடு"ன்னா அடக்குறது மட்டும் மாதிரி ஆகிடும், ஏத்துறதும் இறக்குறதும் ரெண்டும் இருக்கிறதால "நெறிப்படுத்தல்" மேல். எந்த மரபணுவை எப்ப படியெடுக்கணும்னு ஆர்டர் போடுற புரதம்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதுக்கு "படியெடுத்தல் காரணி"ங்கிறாங்க, சப்புனு இருக்கு, ஆனா இதைவிட நல்லது எனக்கும் சிக்கல. மனுஷ உடம்புல இந்த மாதிரி ஆர்டர் போடுற புரதம் சுமார் 1,600 வகை இருக்கு.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு ஒரு பழமொழி உண்டு. கேன்சர்ல ஏடு கெடுறதைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவோம், அதாவது மரபணுவுல எழுத்துப் பிழை. ஆனா ஏட்டுல எழுத்தெல்லாம் சரியா இருந்தும் ஆர்டர் தப்பானா என்ன ஆகும்?

பர்க்கிட் லிம்ஃபோமாங்கிற கேன்சரை எடுத்துக்கோங்க, பி செல்ங்கிற வெள்ளை அணுவுல வர்றது. உகாண்டாவுல வேலை பார்த்த டெனிஸ் பர்க்கிட்ங்கிற சர்ஜன், குழந்தைங்க தாடையில வீங்கி வர்ற கட்டியைப் பத்தி 1958ல எழுதினார். உள்ள நடக்கிறது இதுதான்: 8ஆம் குரோமோசோம்ல இருக்கிற மிக்ங்கிற மரபணு, செல்லை வளரச் சொல்ற மரபணு, உடைஞ்சு போய் பெரும்பாலும் 14ஆம் குரோமோசோம்ல ஒட்டிக்குது. அது போய் ஒட்டுற இடம் எது தெரியுமா, ஆன்டிபாடி மரபணு பக்கத்துல. ஆன்டிபாடி செய்றதுதான் பி செல்லோட பிழைப்பே, அந்த இடத்துல படியெடுப்பு ஓயாம ஓடும். சும்மா ஓரமா தேவைப்பட்டப்ப மட்டும் வேலை செஞ்ச மிக், ராத்திரி பகலா மில்லு ஓடுற இடத்துக்குக் குடி வந்த மாதிரி ஆகிடுது. மிக் புரதம் பழைய மிக் புரதமாவே இருந்தாலும் கேடு வந்துடும். படியோட எண்ணிக்கைதான் போச்சு. தமிழ்ல அரிசி அளக்கிறதும் படிதான்ங்கிறது இந்த இடத்துல எனக்கு ஞாபகம் வந்துட்டே இருக்கும்.

இன்னொண்ணு டெர்ட். செல்லுக்கு வயசாகாம பாத்துக்கிற டெலோமெரேஸ் என்சைமுக்கான மரபணு, வளர்ந்த உடம்போட பெரும்பாலான செல்லுல இது ஆஃப்ல இருக்கும். மெலனோமாங்கிற தோல் கேன்சர்ல நிறைய பேருக்கு இதோட தொடக்கியில ஒரே ஒரு எழுத்து, "சி" இருந்த இடத்துல "டி", மாறியிருக்குன்னு 2013ல தெரிய வந்துச்சு. மரபணு மேல கீறல் கூட இல்ல. அந்த ஒத்தை எழுத்தால வேற ஒரு காரணி வந்து உக்கார புதுசா ஒரு திண்ணை கிடைச்சிடுது, ஆஃப்ல இருந்தது ஆன்.

ஆர்டர் போடுற ஆளே கெட்டுப்போற கேஸ்தான் பி53. 1979ல கண்டுபிடிச்ச இந்தப் புரதம், டி.என்.ஏ. அடிபட்டா "வளர்றதை நிறுத்து"ங்கிற மரபணுக்களைப் படியெடுக்கச் சொல்லும். மனுஷக் கேன்சர்ல பாதிக்குக் கிட்ட இது பழுதாகியிருக்கு, பழுதும் பெரும்பாலும் டி.என்.ஏ.வைப் பிடிக்கிற கையிலயே விழுது.

மார்பகப் புற்றுநோய்க்கு அஞ்சு வருஷம், சிலர் பத்து வருஷம் தினம் ஒண்ணு போடுற டாமாக்ஸிஃபென் மாத்திரையும் இந்தக் கதைக்குள்ளதான் வருது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிச்சுக்கிற ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்ங்கிற புரதமே ஒரு படியெடுத்தல் காரணி, ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்ததும் டி.என்.ஏ. மேல போய் உக்காந்து வளர்ச்சி மரபணுக்களைப் படியெடுக்கச் சொல்லும். டாமாக்ஸிஃபென் ஈஸ்ட்ரோஜனோட சீட்டுல முன்னாடியே துண்டு போட்டுடும். ரிசெப்டர் அப்பவும் டி.என்.ஏ. மேல போய் உக்காரத்தான் செய்யும், ஆனா மார்பகச் செல்லுல அந்த ஆர்டர் மட்டும் கிளம்பாது.