அரசுப் பள்ளியில் படித்துவிட்டு சிவில் இன்ஜினியரிங் சேர நினைப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கணக்கு 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, ஆக மொத்தம் 200. கணக்கில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 70 என்றால் 84, 39, 35 கூட்டி 158. இதுதான் உங்கள் கட்-ஆஃப். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆன்லைனில் நடத்தும் கவுன்சலிங்கில் உங்களைக் கூப்பிடும் வரிசையை முடிவு செய்வது இந்த எண்தான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இதில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2021-இல் வந்த சட்டப்படி பொறியியல் இடங்களில் 7.5 சதவீதம் அவர்களுக்கு. அதற்குள்ளும் வழக்கமான சாதிவாரி இடஒதுக்கீடு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியானாலும் அப்படித்தான்.

பலர் தடுமாறுவது 'அரசுப் பள்ளி' என்ற சொல்லில்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. எட்டாம் வகுப்பில் மட்டும் ஒரு வருடம் காசு கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் போச்சு. ஒரே விதிவிலக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் கட்டணமில்லாமல் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள். விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளியின் பெயரைக் கேட்பார்கள். ஞாபகத்திலிருந்து நிரப்பாமல், பள்ளியில் போய்ச் சரிபார்த்துக்கொண்டு நிரப்புங்கள்.

சரி, சிவிலுக்கு வருவோம். கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கு இருக்கும் தள்ளுமுள்ளு இங்கே இல்லை. அதனால் கம்ப்யூட்டர் கிடைக்காத கல்லூரியில்கூட அதே கட்-ஆஃபுக்கு சிவில் கிடைத்துவிடும். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல், இன்று சிவிலில் ஒரு பாடமாக இருக்கும் நில அளவையைக் கற்பிக்கும் பள்ளியாகத் தொடங்கியதுதான். ஆகவே கட்-ஆஃப் குறைவு என்பதற்காக மட்டமான படிப்பு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் வந்தவர் பட்டத்தையும் தமிழ்வழியில் முடித்தால், மாநில அரசு வேலைகளில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமையைக் கேட்கலாம். உதவிப் பொறியாளர் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இதை யோசித்துப் பாருங்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரி, பிரிவுகளை வரிசைப்படுத்திப் பதிவதில், ஒரே ஒரு விஷயம்: எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள், எது கிடைக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை அல்ல. மேலே எட்டாத கல்லூரியைப் போட்டதால் கீழே உள்ள வாய்ப்பு கெடாது. பட்டியல் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இடம் வந்த பிறகு அதை உறுதி செய்யவும், கல்லூரியில் போய்ச் சேரவும் கெடு உண்டு. தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.