பொந்து விழுந்த மல்பெரி எப்படி உயிர் வாழ்கிறது?

லண்டனின் கிரீனிச் பகுதியில், சார்ல்ட்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகையின் தோட்டத்தில் ஒரு கறுப்பு மல்பெரி நிற்கிறது. 1608ஆம் ஆண்டில் நட்டது என்பார்கள். இங்கிலாந்திலும் பட்டு விளைய வேண்டும் என்ற ஆசையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் மல்பெரி நடச் சொன்ன காலம் அது. பட்டுப்புழு விரும்பித் தின்பதோ வெள்ளை மல்பெரியின் இலையை. பட்டுத் தொழில் வேரூன்றவில்லை; மரங்கள் வேரூன்றிவிட்டன.

முதிர்ந்த கறுப்பு மல்பெரி பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நடுவே பொந்து, கிளைக்கு முட்டு. சாகக் கிடக்கிறதோ என்று தோன்றும். ஆனால் அந்தப் பொந்து மரத்தின் உயிரைத் தொடுவதே இல்லை.

வைரம் என்று நாம் போற்றும் நடுக்கட்டை உயிரற்றது. வேர் உறிஞ்சிய நீர் மேலேறுவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மரத்தின் வழியே. இலை சமைத்த சர்க்கரை கீழிறங்குவது பட்டையின் உட்புறமாக. இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய வளர்படலம் உட்பக்கம் மரத்தையும் வெளிப்பக்கம் பட்டையையும் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பூஞ்சை தின்று தீர்ப்பது பெரும்பாலும் நடுவில் இருக்கும் பழைய கட்டையைத்தான்.

அப்படியானால் காற்றில் முறியாதா? காற்று மரத்தை வளைக்கும்போது ஒரு பக்க விளிம்பு இழுபடுகிறது, எதிர்ப்பக்க விளிம்பு நசுங்குகிறது. நடுப்பகுதிக்கு அதிக வேலை இல்லை. எனவே விட்டத்தில் பாதி அளவுக்குப் பொந்து விழுந்தாலும், சுற்றுச்சுவர் முழுதாக இருந்தால், வளைவைத் தாங்கும் வலிமையில் சுமார் 6 விழுக்காடுதான் குறையும். பத்தில் ஏழு பங்கு என்றால் 24 விழுக்காடு. அதற்குமேல் சரிவு வேகமெடுக்கும். சுவரே ஒரு பக்கம் பிளந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. முட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பொந்தின் வாயை அருகில் போய்ப் பாருங்கள். புதிய மரம் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல உள்நோக்கிச் சுருண்டு, பிளவின் விளிம்பைத் தடிப்பாக்கியிருக்கும். அடிமரமெங்கும் முண்டும் முடிச்சுமாக இருக்கும். அவற்றிலிருந்து தளிர்கள் எட்டிப் பார்க்கும். உள்ளே மையம் மக்கிப்போவதால், மரத்தின் வயதைச் சொல்லும் ஆண்டு வளையங்களை முழுதாக எண்ண முடியாது. போதாக்குறைக்குக் கறுப்பு மல்பெரிக்கு இளவயதிலேயே கிழத்தோற்றம் வந்துவிடும். 1608 என்பதை ‘என்பார்கள்’ என்று எழுதியதற்கு இதுவே காரணம்.

என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. ஆலமரத்தின் குடும்பம்தான் மல்பெரியும். விழுது விடாது, ஆனால் தாழ்ந்த கிளை மண்ணில் படிந்து கிடந்தால், தொட்ட இடத்தில் வேர்விடும். பருத்த கிளையை வெட்டி நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். தாய்மரம் மக்கிய பிறகும் வேர்விட்ட கிளை அதே மரபணுக்களோடு நிமிர்ந்து வளரும். அதனால்தான், பாதைக்கு இடைஞ்சல் என்று மண் தொடும் மல்பெரிக் கிளைகளை யாராவது அறுக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.