ட்ரிப்யூட்: அஞ்சலியா, காணிக்கையா?

கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். 'மைக்கேல் ஹெட்ஜஸுக்கு இசை அஞ்சலி - தனிக் கிட்டார்க் கச்சேரி' என்று எழுதியிருந்தது. டீ மாஸ்டர் வெளியே வந்து நிதானமாகப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு தம்பி தவறுனது? நம்ம ஊர்ல இருந்த வெள்ளைக்காரரா?" என்று கேட்டார்.

அவர் அமெரிக்காக்காரர், கிட்டார்க் கலைஞர், இறந்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றேன். "அப்ப இப்ப எதுக்கு அஞ்சலி?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் நோட்டீஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர்கள் ஒட்டியிருந்தன.

கச்சேரி நடத்தியவர்கள் எனக்குக் கொடுத்த ஆங்கில வாசகத்தில் இருந்த சொல் 'ட்ரிப்யூட்'. அதைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. கைக்கு முதலில் வந்த சொல்லைப் போட்டுவிட்டேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன்.

அஞ்சலி வடசொல். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவிப்பதுதான் அதன் பொருள். கும்பிடுவதும் அஞ்சலிதான், பூவையோ தண்ணீரையோ ஏந்தக் குவிக்கும் கையும் அஞ்சலிதான். அதில் சாவு எங்கும் இல்லை. ஆனால் தெருச்சுவரும் செய்தித்தாளும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. இன்று ஒருவர் படத்துக்குக் கீழே 'அஞ்சலி' என்று போட்டால், பார்ப்பவர் கண் உடனே தோற்றம், மறைவு தேதிகளைத் தேடுகிறது. அகராதியில் சரியாக இருந்து சுவரில் தப்பாகிப்போகும் சொற்களில் இது ஒன்று. நோட்டீஸ் சுவருக்குத்தானே எழுதுகிறோம்?

சரி, ட்ரிப்யூட் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'ட்ரிபுஸ்' என்றால் ரோமானிய மக்களின் ஒரு பிரிவு, குலம் என்று வைத்துக்கொள்ளலாம். 'ட்ரிபுவேரே' என்றால் பங்கிட்டுக் கொடுப்பது. அதிலிருந்து வந்த 'ட்ரிபூட்டும்' என்பது வரி. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் வந்தபோது, தோற்ற அரசன் வென்ற அரசனுக்குக் கட்டும் பொருள் என்ற அர்த்தத்தோடுதான் வந்தது. மனம் உவந்து செலுத்தும் மரியாதை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் சேர்ந்தது.

அந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் அச்சு அசலான சொல் இருக்கிறது: திறை. கலிங்கத்துப்பரணி பாடும் போரே திறையால் வந்ததுதான். கலிங்க மன்னன் இரண்டு முறை திறை கொண்டுவரவில்லை, குலோத்துங்கன் கருணாகரத் தொண்டைமானைப் படையோடு அனுப்பினான். ஆக, ட்ரிப்யூட்டின் வேர்ப்பொருளை அப்படியே பெயர்த்தால் 'திறைக் கச்சேரி' என்று வரும். வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட இப்போது என்ன வேலை செய்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

நினைவேந்தல் அழகான சொல், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஈழத்தமிழர்கள் போரில் மாண்டவர்களுக்காக ஏந்தி நிற்கும் சொல் அது. மே 18 அன்று முள்ளிவாய்க்காலை நினைத்து விளக்கேற்றுகிறவர்களிடமிருந்து அதை ஒரு சாயங்காலக் கச்சேரிக்கு எடுத்துவர எனக்கு மனம் வரவில்லை. புகழ்வணக்கம் மேடைப்பேச்சுக்குப் பொருந்தும், அவ்வளவுதான்.

கடைசியில் நின்றது காணிக்கை. காண் என்ற வினையிலிருந்து வந்த சொல். பெரியவர்களைக் காணப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் எடுத்துப்போகும் பொருள் காணிக்கை. சாமிக்கு உண்டியலில் போடுவதும் அதுதான். பழனிக்குப் பாதயாத்திரை போய் முடி இறக்குகிறவர்கள் கொடுப்பது முடிகாணிக்கை. கொடைக்கானல் சலேத் மாதா கோயில் பூசையில் அப்பமும் இரசமும் பீடத்துக்குப் போகும் நேரத்துக்கும் காணிக்கை என்றுதான் பெயர். இந்த மலையில் எந்தக் கோயிலுக்குப் போகிறவருக்கும் தெரிந்த சொல். வாங்கிக்கொள்பவர் இருக்கிறாரா, இறந்தாரா என்ற கேள்வியே அதில் எழுவதில்லை. முக்கியமாக, காணிக்கை என்றால் தன்னுடையது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

ஹெட்ஜஸ் விஷயத்தில் அது எவ்வளவு பொருத்தம் என்று கச்சேரியன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1953 டிசம்பர் 31 அன்று பிறந்தவர். ஓக்லஹோமாவில் வளர்ந்து, பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் படித்தார். 1984இல் வந்த 'ஏரியல் பவுண்டரீஸ்' தொகுப்பைக் கேட்டவர்கள் இரண்டு கிட்டார் வாசிக்கிறது என்று நினைப்பார்கள். ஒரே ஆள், ஒரே கிட்டார். இடது கையைக் கழுத்துக்கு மேல்பக்கமாகக் கொண்டுவந்து கம்பியைத் தட்டியே ஒலி எழுப்புவார், வலது விரல்களும் அதே கழுத்தில் வந்து தட்டும், நடுவே மரப்பெட்டியில் ஒரு அடி விழும். கம்பி எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைப் போலவே எப்போது அடங்க வேண்டும் என்பதையும் கணக்காக வைத்திருந்தார். 1997 கடைசியில் கலிபோர்னியாவில், மழையில் நனைந்த மலைரோட்டு வளைவில் கார் சறுக்கி இறந்தார். வயது 43. அடுத்த ஆண்டு 'ஆரக்கிள்' தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தபோது அவர் இல்லை.

எங்கள் கச்சேரி டிசம்பர் முதல் வாரம். வெளியே மஞ்சு இறங்கி ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளை. இந்த ஈரத்தில் கிட்டார் மரம் உப்பும், கம்பி சொன்ன பேச்சைக் கேட்காது. வாசித்தவர் முதல் பாட்டு முடிந்ததும் கிட்டாரைத் துடைத்துவிட்டு, காதைப் பெட்டிமேல் சாய்த்து, ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்த ஆரம்பித்தார். ஹெட்ஜஸின் பாட்டுகள் பலவற்றுக்கு வழக்கமான சுருதி அமைப்பு உதவாது. பாட்டுக்குப் பாட்டு மாற்ற வேண்டும். அடிக்கம்பியைத் தொளதொளவென்று ஆகும்வரை இறக்கி, அடுத்ததை ஏற்றி, மறுபடி முதல் கம்பியைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, கால் சுற்று திருப்பினார். நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். ஒருவரும் எழுந்து போகவில்லை, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் இடது கை கழுத்துக்கு மேலே போயிற்று.

அந்த நான்கு நிமிஷத்துக்கும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. பண்ணுதல். இன்று 'செய்தல்' என்ற பொருளில் எல்லாவற்றுக்கும் போடுகிறோமே, அதே சொல். யாழ் நரம்புகளைப் பாடப்போகும் பண்ணுக்கு ஏற்ப அமைப்பதுதான் பண்ணுதல். சிலப்பதிகாரத்தில் மாதவி யாழை எடுத்துப் பதம் பார்க்கும் இடத்தில் எட்டுச் செயல்கள் வரிசையாக வருகின்றன, முதலாவது பண்ணல். இந்தப் பழனி மலை நாட்டை ஆண்ட பேகனிடம் பரணர் போன பாட்டு புறநானூற்றில் 144ஆவது. அதிலும் 'சீறியாழ் செவ்வழி பண்ணி' என்றுதான் வருகிறது. சிறிய யாழைச் செவ்வழி என்ற பண்ணுக்கு அமைத்துக்கொண்டு, இருட்டும் நேரத்தில், அவன் காட்டைப் பாடினோம் என்கிறார் பரணர். ட்யூனிங் என்று நாம் சொல்வதற்குச் சுருதி சேர்த்தல் என்று எழுதுவது வழக்கம், அது போதும்தான். ஆனால் பாட்டுக்குப் பாட்டு அமைப்பையே மாற்றுவதற்குப் 'பண்ணுதல்' போல வேறு எதுவும் பொருந்தவில்லை. திரும்பப் புழக்கத்துக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

நோட்டீஸின் மற்றச் சொற்களை நான் மாற்றவில்லை. கச்சேரி என்பது முதலில் அரசு அலுவலகம். வயதானவர்கள் இன்னும் தாலுகா கச்சேரி என்பார்கள், மயிலாப்பூரில் கச்சேரி சாலையே இருக்கிறது. அலுவலகம் எப்படியோ பாட்டாகிவிட்டது, இனி அதை யாரும் திருப்ப முடியாது, வேண்டியதும் இல்லை. கிட்டார் கிரேக்கக் 'கிதாரா' வழியில் வந்தது. அதுவும் கிட்டாராகவே இருக்கட்டும்.

ஒரு திருத்தம் மட்டும் எல்லோருக்கும் சொல்லத் தோன்றுகிறது. 'அவர் கிட்டாரை மீட்டார்' என்று எழுதுகிறார்கள். மீட்டார் என்றால் அடகுக் கடையிலிருந்து எடுத்துவந்தார் என்று பொருள். கம்பியைத் தெறிப்பது மீட்டுதல், ஆகவே 'மீட்டினார்' என்பதே சரி.

மறுநாள் காலையிலேயே நோட்டீஸை மாற்றி ஒட்டியிருந்தேன்: 'மைக்கேல் ஹெட்ஜஸுக்கு இசைக் காணிக்கை.' இசைக்கு அடுத்த 'க்' முக்கியம், விட்டுவிடாதீர்கள். மாஸ்டர் கையில் டீ வடிகட்டியோடு வந்து படித்தார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.